பிறர் பொருளுக்குக் காவல்: நிறுவன ஆளுகையில் நாடுகள் கண்ட வழிகள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் பணம் இட்டோர் பெருவணிகர் மட்டும் அல்லர். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கைவினைஞரும், வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்டிருங்கூடத் தம் சிறு சேமிப்பை அதில் இட்டனர். பத்தாண்டு கழிந்தபின் பொதுக் கணக்குக் காட்டப்படும் எனப் பட்டயம் கூறிற்று. பத்தாண்டு கழிந்தது, கணக்கு வரவில்லை. அதற்கு முன்னரே, 1609-இல், ஐசக் லெ மேர் என்னும் வணிகர், இயக்குநர்கள் பிறர் பணத்தைத் தம் விருப்பம்போல் ஆள்கின்றனர் என்று அரசினரிடம் முறையிட்டிருந்தார். அவரும் மாசற்றவர் அல்லர். கம்பெனியின் பங்கு விலை வீழ்ந்தால் தமக்கு இலாபம் வரும் வகையில் சந்தையில் விளையாடியவர். ஆயினும் அவர் எழுப்பிய வினா அவரைக் கடந்து நின்றது. 1622, 1623-ஆம் ஆண்டுகளில் பட்டயம் புதுப்பிக்கப்பட்டபோது பங்குதாரர்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர். கணக்குகளைப் பார்வையிடப் பெரும் பங்குதாரர் ஒன்பதின்மர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. இன்று நாம் ‘நிறுவன ஆளுகை’ எனப் பெயரிட்டு வழங்கும் துறையின் தொடக்கங்களுள் இஃது ஒன்று.

பொருள் ஒருவருடையது, அதனை ஆளும் கை மற்றொருவருடையது. இவ்விருவருக்கும் இடையே இருக்க வேண்டிய முறைகளே நிறுவன ஆளுகை. வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை ஆகியவற்றில் அம்முறைகளை அரசு வெளியிலிருந்து வற்புறுத்துவது நிதி ஒழுங்குமுறை. இது நம் மரபுக்குப் புதிய சிந்தனை அன்று. முதலைத் தருபவர் ஒருவர், உழைப்பைத் தருபவர் ஒருவர் என அமையும் ‘முளாரபா’ வணிக முறை இவ்வேறுபாட்டின்மீதே எழுந்தது. பிறர் பொருளை ‘அமானிதம்’ என வழங்கும் சமுதாயம், திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம்) வணக்க வழிபாட்டைப் பற்றியதன்று, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும் நன்கறியும். அங்கே கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் மட்டும் இல்லை. இருவருக்கும் இடையே நின்று நேர்மையுடன் எழுதும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார், சாட்சிகள் இருக்கின்றனர். இவ்வெழுத்தரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாடுகளின் சட்டங்கள் எவ்வளவோ வேறுபடினும், பெரு வீழ்ச்சிகள் பலவற்றின் அடியில் கிடக்கும் செய்தி, அந்த எழுத்தரின் இடம் காலியாக இருந்தது என்பதே.

மற்றொரு செய்தியும் இங்கே குறிக்கத் தக்கது. 1058-இல் மறைந்த அறிஞர் அல்-மாவர்தி, தம் ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்னும் நூலில், சந்தையைக் கண்காணிக்கும் ‘முஹ்தசிப்’ என்னும் அலுவலர், தாமாக முன்வந்து நன்மையை ஏவும் தனி மனிதரிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறார் என்று வரிசைப்படுத்துகிறார். அவ்வேறுபாடுகளுள் ஒன்று, அவர் பைத்துல்மாலிலிருந்து ஊதியம் பெறலாம் என்பது. காவலருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்னும் வினாவுக்கு அக்காலத்தில் தரப்பட்ட விடை அது. இக்காலத் தணிக்கையாளரோ தாம் தணிக்கை செய்யும் நிறுவனத்திடமே கூலி பெறுகிறார். உலகின் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் நிலை இதுதான்.

இனி நாடுகளுக்கு வருவோம். ஒவ்வொரு நாட்டின் சட்டமும் ஒருவரை ஐயுறுகிறது. யாரை ஐயுறுவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

அமெரிக்கா மேலாளரை ஐயுறுகிறது. அங்குப் பெரு நிறுவனங்களின் பங்குகள் இலட்சக்கணக்கானவர் கையில் சிதறிக் கிடப்பதால், உரிமை ஓரிடத்தும் அதிகாரம் வேறிடத்துமாகப் பிரிந்துவிட்டதை பெர்லி, மீன்ஸ் என்னும் இருவர் 1932-இல் வெளியிட்ட நூல் எடுத்துக் காட்டியது. 1929-இன் பங்குச் சந்தை வீழ்ச்சி அதற்குச் சற்று முன்னர்தான் நிகழ்ந்திருந்தது. 1933, 1934-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பங்குச் சந்தைக்கென ஓர் ஆணையத்தை உருவாக்கின. இன்ன பங்கு நல்லது, இன்னது தீயது என்று அவ்வாணையம் சொல்வதில்லை; உள்ளதை மறைக்காமல் வெளியிடு என்பதே அதன் கட்டளை. வெளியிடப்பட்டது உண்மைதானா என்று பார்ப்பவர் தணிக்கையாளர். அங்குதான் ஓட்டை இருந்தது. என்ரான் நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானபோது, அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் 2000-ஆம் ஆண்டில் தணிக்கைக்கென 250 இலட்சம் டாலரும், ஆலோசனை முதலிய பிற பணிகளுக்கென 270 இலட்சம் டாலரும் அந்நிறுவனத்திடமே பெற்றிருந்தது வெளிப்பட்டது. காவலர் அவ்வீட்டிலேயே பங்காளிபோல் ஆகிவிட்டார். 2002 ஜூலையில் இயற்றப்பட்ட சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் தணிக்கையாளர் தாம் தணிக்கை செய்யும் நிறுவனத்திற்கே செய்யக்கூடாத பணிகளை வரையறுத்தது. நிதி அறிக்கைக்குத் தலைமை நிர்வாகியும் நிதி அலுவலரும் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. தணிக்கையாளரைக் கண்காணிக்கத் தனி வாரியம் ஒன்றையும் நிறுவியது.

பிரிட்டன் அதே நோய்க்கு மென்மையான மருந்தைத் தேர்ந்தது. ஏட்ரியன் கேட்பரி தலைமையில் 1991-இல் அமைந்த குழு 1992 டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. தலைவரும் தலைமை நிர்வாகியும் ஒருவராக இருத்தல் கூடாது, வெளி இயக்குநர் கொண்ட தணிக்கைக் குழு வேண்டும் என்பன போன்ற நெறிகளை அது வகுத்தது. ஆனால் அவற்றைச் சட்டமாக்கவில்லை. பின்பற்று, பின்பற்றாவிடில் ஏன் என்று பங்குதாரருக்கு விளக்கு என்பதோடு நிறுத்திற்று. இந்த ‘பின்பற்று அல்லது விளக்கு’ என்னும் முறை பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. படித்த பங்குதாரரும் விழிப்புள்ள பத்திரிகைகளும் உள்ள நாட்டில் அது பயன் தரும். விளக்கத்தைப் படிப்பதற்கு ஆளில்லாத நாட்டில் அது வெறுஞ் சடங்கு.

கேட்பரி குழு பணியாற்றிக்கொண்டிருந்தபோதே, 1991 ஜூலை 5-ஆம் நாள், பி.சி.சி.ஐ. வங்கியின் கதவுகள் அடைக்கப்பட்டன. நம் வாசகர்கள் இதனைச் சற்று விரிவாக அறிதல் நலம். பாகிஸ்தானைச் சேர்ந்த ஆகா ஹசன் ஆபிதி 1972-இல் நிறுவிய வங்கி அது. மேலை நாட்டு வங்கிகள் பொருட்படுத்தாத ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வங்கி என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது. பலர் அதைப் பெருமையுடன் ஆதரித்தனர். அதன் தாய் நிறுவனம் லக்சம்பர்க்கில் பதிவாகியிருந்தது. துணை வங்கிகளுள் ஒன்று லக்சம்பர்க்கிலும் மற்றொன்று கேமன் தீவுகளிலும் இருந்தன. உண்மையான தலைமையகமோ லண்டனில். 1987 வரை இரு துணை வங்கிகளுக்கும் வெவ்வேறு தணிக்கையாளர்கள். எனவே இந்நாட்டுக் காவலர் அந்நாட்டு அறையைப் பார்க்க இயலாது. அந்நாட்டுக் காவலர் இந்நாட்டு அறையைப் பார்க்க இயலாது. முழு வீட்டையும் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. இழப்புகள் ஓரறையிலிருந்து மற்றோரறைக்கு மாற்றி வைக்கப்பட்டன. அடைப்பு நாளன்று துன்புற்றோருள் லண்டன் தெருக்களில் கடை வைத்திருந்த ஆசியரும் இருந்தனர். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் உள்ளாட்சி மன்றமும் இருந்தது.

அவ்வங்கி அடைக்கப்பட்டது மேலை நாட்டாரின் பொறாமையால் என்று நம்மவரிடையே அன்று பேச்சு எழுந்தது. மேலை நாட்டு ஒழுங்குமுறையாளர் அதன் குற்றங்களை நெடுங்காலம் கண்டும் காணாதிருந்தனர் என்பது உண்மை. பேங்க் ஆஃப் இங்கிலாந்து காலந்தாழ்த்தியது என்று வைப்பாளர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு 2005-இல் பயனின்றி முடிந்தது. ஆயினும் கணக்கில் இருந்த பள்ளம் பொறாமையால் தோன்றியதன்று. அவ்வீழ்ச்சியின் விளைவாகவே, பன்னாட்டு வங்கி ஒவ்வொன்றையும் அதன் தாய்நாட்டு ஒழுங்குமுறையாளர் முழுமையாக ஒன்றுசேர்த்துக் கண்காணிக்க வேண்டும் என்னும் விதியைப் பாசல் குழு 1992-இல் வகுத்தது. பதிவு ஓரிடத்தும் தலைமையகம் வேறிடத்தும் இருத்தலை ஐரோப்பிய ஒன்றியம் 1995-இல் தடை செய்தது.

ஜெர்மனியின் வழி தனி வழி. அங்குப் பெரு நிறுவனத்திற்கு ஓர் இயக்குநர் அவை அன்று, இரண்டு அவைகள். ஒன்று நிர்வகிக்கிறது, மற்றொன்று அந்நிர்வாகத்தை நியமித்து மேற்பார்க்கிறது. ஒருவரே இரண்டிலும் இருத்தல் இயலாது. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களின் மேற்பார்வை அவையில் பாதி இடம் தொழிலாளருக்கு உரியது. வாக்குகள் சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு; தலைவரோ பங்குதாரர் தரப்பினர். எனவே இறுதி முடிவு முதலாளியிடமே என்பர் குறை காண்போர். இருப்பினும், பங்குதாரர் மட்டுமே நிறுவனம் அன்று என்னும் கொள்கையைச் சட்டத்தில் எழுதி வைத்த நாடு அது.

அத்தகைய நாட்டில்தான் வயர்கார்டு நிகழ்ந்தது. மின்னணுப் பணப் பரிமாற்றத் தொழிலில் விளங்கிய அந்நிறுவனம் 2018-இல் ஜெர்மனியின் தலைசிறந்த முப்பது நிறுவனங்களின் பட்டியலில் இடம் பெற்றது. அதன் கணக்குகளில் ஐயம் இருப்பதாக லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளேடு எழுதியபோது, ஜெர்மானிய ஒழுங்குமுறை அமைப்பு செய்தது என்ன? 2019 பிப்ரவரியில், விலை வீழும் என்று எதிர்பார்த்து அந்நிறுவனத்தின் பங்குகளை விற்பதற்கு இரண்டு மாதத் தடை விதித்தது. அச்செய்தியை எழுதிய பத்திரிகையாளர்மீதே குற்ற முறையீடும் தொடுத்தது. நம் நாட்டுப் பெருமைக்குரிய நிறுவனத்தை அயலார் தாக்குகின்றனர் என்னும் உணர்வு அங்கும் இருந்தது. 2020 ஜூனில், பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகக் கணக்கில் காட்டப்பட்ட 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்பது தெரிந்தது. சில நாள்களில் நிறுவனம் திவாலாயிற்று. தணிக்கையாளர் பல ஆண்டுகளாக, அப்பணத்தை வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட வங்கியிடம் நேரே கேட்டு உறுதி பெறாமல், இடைப்பட்டோர் அளித்த ஆவணங்களை ஏற்றுக்கொண்டிருந்தனர். இரண்டு அவைகள், தொழிலாளர் பங்கேற்பு, நூற்றாண்டு கடந்த சட்ட மரபு ஆகிய அனைத்தும் இருந்தன. வங்கிக்கு நேரே எழுதப்பட வேண்டிய ஒரு கடிதம் எழுதப்படவில்லை.

ஜப்பானைச் சுருக்கமாகக் கூறலாம். அங்கு நிறுவனங்கள் ஒன்றன் பங்கை மற்றொன்று வைத்திருந்தன. அவற்றைச் சூழ்ந்து முதன்மை வங்கி ஒன்று காவல் நின்றது. குடும்பப் பெரியவர்போல் வங்கி தவறைத் தனியறையில் திருத்தும். தெருவுக்குச் செய்தி வராது. வங்கியே நலிவுற்ற 1990-களில் அக்காவல் தளர்ந்தது. 2011-இல் ஒலிம்பஸ் நிறுவனத்தில் நெடுநாள் மறைக்கப்பட்ட இழப்புகளைப் பற்றிக் கேள்வி எழுப்பிய ஆங்கிலேயத் தலைவரை இயக்குநர் அவையே பதவி நீக்கியது. 2015-இல் ஜப்பானும் நிறுவன ஆளுகை நெறித் தொகுப்பு ஒன்றை ஏற்றது.

இந்தியாவின் நோய் வேறு. இங்குப் பெரும்பாலான நிறுவனங்களில் பங்குகள் சிதறிக் கிடப்பதில்லை; ஒரு குடும்பத்தின் கையில் குவிந்திருக்கின்றன. ஆகவே இங்கு ஐயுற வேண்டியவர் கூலிக்கு அமர்ந்த மேலாளர் அல்லர். நிறுவனத்தைத் தொடங்கி, அதைத் தம் வீடுபோல் கருதும் குடும்பத்தார். காக்கப்பட வேண்டியவர் சிறு பங்குதாரரும் வைப்பாளரும் ஆவர். சென்னை மாநகருக்கு இது பழைய பாடம். 1906 அக்டோபரில் சென்னை அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதனுடன் போயிற்று. கூட்டாண்மை நிறுவனமாதலால் கணக்கை ஊரறிய வெளியிடும் கடமை அதற்கு இல்லை. அதன் பெயரே அதற்குப் பிணையாக இருந்தது. அவ்வீழ்ச்சியின் எதிரொலியாகவே 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. கேரளத்தின் பாலை மத்திய வங்கி 1960-இல் வீழ்ந்தபின் வைப்புத்தொகைக் காப்பீடு 1962-இல் வந்தது. 1,500 ரூபாயில் தொடங்கிய அக்காப்பு 2020-இல் ஐந்து இலட்சமாக உயர்ந்தது. பல்லில்லாதிருந்த ‘செபி’ அமைப்பு 1992-இல் சட்ட அதிகாரம் பெற்றது. அடிபட்ட இடத்தில் மட்டும் கவசம் அணிவது நம் வழக்கமாகவே இருந்துள்ளது.

அதன்பின் பிரிட்டனின் மருந்தையும் அமெரிக்காவின் மருந்தையும் வாங்கிவந்தோம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் சார்பற்ற இயக்குநர் வேண்டும் என்ற விதி அவற்றுள் தலையாயது. நன்று, ஆனால் அவ்வியக்குநரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கில் பெரும்பகுதி யாருடையது? யாரைக் கண்காணிக்க அவர் வருகிறாரோ அக்குடும்பத்தாருடையதே. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தில் இது எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரிந்தது. அங்கு நிறுவனர் குடும்பத்தின் கையில் இறுதிக் காலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அவை அவர்களுடையதாகவே இருந்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும் முன்னாள் அமைச்சரவைச் செயலர் ஒருவரும் அவ்வவையில் இருந்தனர். 2008-இல் நிறுவன ஆளுகைக்கான விருது ஒன்றும் அந்நிறுவனத்திற்குக் கிட்டியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், குடும்பத்தாருக்குரிய இரு கட்டுமான நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க அவை ஒப்புதல் தந்தது. பங்குதாரர் கொதித்தெழுந்தமையால் சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று தலைவரே கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

இங்கும் அதே கடிதம்தான். வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களைத் தணிக்கையாளர் வங்கிகளோடு நேரே பரிமாறிக்கொள்ளவில்லை. நிறுவனத்தின் கைவழியாகவே அனுப்பிப் பெற்றனர். சத்யத்தின் பங்குகள் நியூயார்க்கிலும் பட்டியலிடப்பட்டிருந்தமையால், அமெரிக்க அமைப்புகள் இரண்டும் 2011-இல் அத்தணிக்கையாளருக்கு 75 இலட்சம் டாலர் தண்டம் விதித்தன. ஹைதராபாத்திலும் மியூனிக் அருகிலும் சட்டங்கள் வேறு, மொழி வேறு, அவைகளின் அமைப்பு வேறு. பிழை ஒன்றே: குற்றம் சாட்டப்பட வேண்டியவரே சாட்சியின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் தணிக்கையாளரைக் குறித்த காலத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றது. சிறு பங்குதாரர் ஒன்றுகூடி வழக்குத் தொடுக்க வழி செய்தது. தணிக்கையாளரை மேற்பார்க்கும் தேசிய அமைப்பு 2018-இல் உருவாயிற்று. சார்பற்ற இயக்குநரை நியமிக்க வாக்கில் முக்காற்பங்கு வேண்டும் என்று செபி 2022 ஜனவரி முதல் விதித்தது. குடும்பத்தின் தனிப்பெரும் வாக்கைச் சற்றேனும் தளர்த்தும் இவ்விதியே இந்திய நோய்க்கென இங்கேயே வடித்த மருந்து எனலாம்.

இதுகாறும் கூறியவை பெரு நிறுவனங்களைப் பற்றியன. நம் சமுதாயத்துக் குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தது பெரும்பாலும் இவற்றில் அன்று. வட்டியை விலக்க விரும்பும் மனம், அதன் பொருட்டே ஏமாற்றப்பட்ட வரலாறு தனியாக உண்டு. எகிப்தில் 1980-களில், வளைகுடாவில் உழைத்தோரின் பணத்தை அர்-ரய்யான் முதலிய முதலீட்டு நிறுவனங்கள் திரட்டின; ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் ‘இலாபம்’ அளித்தன; மார்க்கத்தின் பெயர் அவற்றுக்கு விளம்பரமாயிற்று. 1988-இல் அரசு சட்டம் இயற்றிக் கணக்குக் கேட்டபோது கட்டடம் சரிந்தது. பெங்களூரில் 2019 ஜூனில் ஐ.எம்.ஏ. நிறுவனம் அதே வழியில் வீழ்ந்தது. பணம் இட்டவர்களை வைப்பாளர் என்று சொல்லாமல் கூட்டாளிகள் என்று எழுதிக்கொண்டமையால், வைப்புத்தொகைக்குரிய விதிகள் தன்னைத் தொடாதவாறு அது பார்த்துக்கொண்டது. 1906-இல் அர்பத்நாட்டுக்கு வாய்த்த அதே மறைவிடம்! தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து வீழ்ந்தபின் இயற்றப்பட்ட 1997-ஆம் ஆண்டு வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் சொத்துகளைக் கைப்பற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. ஆனால் அதன் வேலை தொடங்குவது பெரும்பாலும் பணம் போனபின்னர்.

வட்டியில்லா நிதியிலும் முறையான காவல் இயலும் என்பதற்கு மலேசியா சான்று. அங்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இஸ்லாமிய வங்கி தொடங்கப்பட்டது. ஒவ்வொரு வங்கியிலும் மார்க்க அறிஞர் குழு உண்டு. அவர்களுக்குரிய மதிப்பூதியம் வங்கியுடையது. தணிக்கையாளருக்குரிய அதே இடர் இங்கும் உள்ளது என்பதை மறைப்பதில் பயனில்லை. மலேசியா அதனை உணர்ந்து, மத்திய வங்கியிலேயே ஷரீஅத் ஆலோசனை அவை ஒன்றை 1997-இல் அமைத்தது. அதன் உறுப்பினரை நியமிப்பவர் மாமன்னர். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வவையின் தீர்ப்பு நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அதனை ஏற்றது. பின்னர் வளைகுடா நாடுகள் சிலவும் மத்திய அவைகளை ஏற்படுத்திக்கொண்டன. அல்-மாவர்தி எழுதிய முஹ்தசிபின் இடத்திற்கு இவ்வமைப்புகள் மெல்லத் திரும்பி வருகின்றன எனலாம்.

இந்தியாவில் வட்டியில்லா வங்கி முறையைக் கொணரும் எண்ணத்தைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி 2017-இல் தெரிவித்தது. எனவே இங்கு வட்டியை விலக்க விரும்புவோர்க்கு ஒழுங்குமுறைக்குட்பட்ட வழிகள் சில மட்டுமே. அவற்றுள் ஒன்று, ஷரீஅத் நெறிக்கு இயைந்த பங்குகளில் மட்டும் முதலிடும் பரஸ்பர நிதித் திட்டங்கள். அவற்றில் இலாபத்திற்கு உறுதி கிடையாது, முதலும் குறையலாம். ஆனால் செபியின் விதிப்படி, நிதியை நடத்துவது ஒரு நிறுவனம். அதனை மேற்பார்க்கும் அறங்காவலருள் மூன்றில் இரு பங்கினர் அதனைத் தோற்றுவித்தவருடன் தொடர்பற்றவர். வாங்கிய பங்குகளைக் காத்து வைப்பது மூன்றாவதான ஒரு பாதுகாவலர் நிறுவனம். பெங்களூரில் இம்மூன்று பணிகளுக்கும் சாவி ஒரே கையில் இருந்தது.